கெர்பல் ராக்கெட் மேலே போய்த் திரும்ப விழுவது ஏன்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கணினி விளையாட்டான கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமை வாங்கி ஒரு வாரமாக முட்டிமோதிக்கொண்டிருக்கிறீர்கள். யூடியூபில் பார்த்தபடி 10 கிலோமீட்டர் வரை நேரே ஏறி, அப்புறம் 45 டிகிரி சாய்த்தால் ராக்கெட் தலைகீழாகக் கவிழ்கிறது. சாய்க்காமல் விட்டால் 100 கிலோமீட்டரைத் தாண்டிப் போகிறது, ஆனால் திரும்பி வந்து விழுகிறது. எரிபொருளை இரண்டு மடங்காக்கியும் பார்த்துவிட்டீர்கள். பிளஸ் டூவோடு இயற்பியலுக்கு முழுக்குப் போட்ட பி.காம். ஆளுக்கு இது சரிப்படுமா என்று முடித்திருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சுலபம்: தாராளமாகச் சரிப்படும். நான் பதில் எழுத உட்கார்ந்தது அதற்கு முந்தைய வரிக்காக. "இன்னும் எவ்வளவு உயரம் போனால் கீழே விழாமல் நிற்கும்?" என்று கேட்டிருக்கிறீர்களே, உங்கள் எல்லாச் சிக்கலும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

நான் விமானப் பொறியியல் படித்தவன். கல்லூரி மாணவர்களுக்குச் சுற்றுப்பாதை பற்றிய பாடத்தைப் பல வருடங்களாக இந்த விளையாட்டை வைத்துத்தான் தொடங்குகிறேன். சமன்பாடுகளைத் தலைகீழாக ஒப்பிக்கிற பையனும் முதல் நாள் ராக்கெட்டை நேர் மேலேதான் விடுகிறான். ஆகவே பி.காம். விஷயத்தை மறந்துவிடுங்கள்.

சுற்றுப்பாதையில் ஒரு கலம் நிற்பதற்கு உயரம் காரணமில்லை, பக்கவாட்டு வேகம்தான் காரணம். கலம் எப்போதும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பக்கவாட்டில் போதுமான வேகத்தில் போவதால், அது விழுகிற அளவுக்குக் கீழே தரையும் வளைந்து விலகிவிடுகிறது. விளையாட்டில் நீங்கள் கிளம்பும் கெர்பின் கிரகத்தின் ஆரம் 600 கி.மீ., காற்றுமண்டலம் 70 கி.மீ. உயரத்தில் முடிந்துவிடுகிறது. 80 கி.மீ. உயரத்தில் சுற்றிவர வினாடிக்குச் சுமார் 2,280 மீட்டர் பக்கவாட்டு வேகம் வேண்டும். நேர் மேலே 100 கி.மீ. தொட, காற்றின் எதிர்ப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால், வினாடிக்கு 1,300 மீட்டர் அளவுக்கு வேகம் இருந்தாலே போதும். அதாவது, நீங்கள் இதுவரை செய்துமுடித்தது வேலையின் சின்னப் பாதி. பெரிய பாதியை இன்னும் தொடவே இல்லை.

நிஜ உலகில் இதற்கு அருமையான ஜோடி ஒன்று உண்டு. 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் பூமியை ஒருமுறை சுற்றி வந்தார். மே 5 அன்று அமெரிக்காவின் ஆலன் ஷெப்பர்ட் 187 கி.மீ. உயரம் போய், 15 நிமிடத்தில் அட்லாண்டிக் கடலில் இறங்கினார். ககாரின் பாதையின் தாழ்ந்த புள்ளி, ஷெப்பர்ட் தொட்ட உச்சியைவிடக் கீழேதான் இருந்தது. ஆனால் ககாரினின் வேகம் வினாடிக்கு 7.8 கி.மீ. அளவு, ஷெப்பர்டின் வேகம் 2.3 கி.மீ. அளவு. உங்களுடைய ராக்கெட் இப்போது செய்வது ஷெப்பர்ட் பயணம்தான். சொல்லப்போனால் ஷெப்பர்டின் அந்த வேகம் உங்கள் குட்டிக் கெர்பினைச் சுற்றிவரக் கிட்டத்தட்டச் சரியாக இருந்திருக்கும். விளையாட்டை உருவாக்கிய மெக்சிகோ நகரத்து ஸ்குவாட் நிறுவனத்தார் தரையில் ஈர்ப்பைப் பூமி அளவுக்கே வைத்துவிட்டு, கிரகத்தை மட்டும் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறார்கள். நிஜத்தில் சுற்றுப்பாதைக்கு, வழியில் வீணாவதையும் சேர்த்து, வினாடிக்கு 9,400 மீட்டர் வரை செலவாகும். இங்கே சுமார் 3,400 போதும்.

ஆகவே அடுத்த முறை உயரமானியைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். எம் விசையை அழுத்தி வரைபடத்துக்குப் போங்கள். நீல வளைகோட்டில் இரண்டு புள்ளிகளுக்குப் பெயர் இருக்கும்: உச்சிப் புள்ளி அபோஆப்சிஸ், தாழ்ந்த புள்ளி பெரிஆப்சிஸ். நேர் மேலே போகிற ராக்கெட்டின் பெரிஆப்சிஸ் கிரகத்தின் வயிற்றுக்குள், மைனஸ் கணக்கில் கிடக்கும். இரண்டும் 70,000 மீட்டருக்கு மேலே வந்துவிட்டால் முடிந்தது. என்ஜினை அணைத்துவிட்டுத் தூங்கப் போகலாம், காலையிலும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

சரி, கவிழ்வதற்கு வருவோம். நீங்கள் பார்த்த வீடியோ பழையது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். விளையாட்டு 2011 ஜூனில் பொதுமக்கள் கைக்கு வந்தது. 1.0 பதிப்பு வந்தது 2015 ஏப்ரலில். அதற்கு முன்பு காற்றுமண்டலக் கணக்கு ஒப்புக்குத்தான் இருந்தது. கீழடுக்குக் காற்று கூழ் மாதிரி அடர்த்தி, ராக்கெட்டின் வடிவத்துக்கு மதிப்பே கிடையாது. அந்தக் காலத்தில் 10 கி.மீ. வரை நேரே ஏறி, பிறகு 45 டிகிரிக்குத் திருப்புவதுதான் நல்ல வழி. 1.0-இல் காற்றோட்டத்தை மாற்றி எழுதினார்கள். இப்போது வேகமாக ஏறிக்கொண்டிருக்கும் ராக்கெட்டைத் திடீரென்று 45 டிகிரி திருப்பினால், காற்று அதன் பக்கவாட்டில் அறைந்து கவிழ்த்துவிடும். பழைய வீடியோக்கள் இன்னும் தேடலில் முன்னால் வருவதுதான் தொல்லை. நல்லவர்கள் எடுத்த நல்ல வீடியோக்கள்தான், வேறொரு காற்றுமண்டலத்துக்காக எடுக்கப்பட்டவை.

கவிழ இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. உங்கள் ராக்கெட்டைப் பார்க்காமல் எந்தக் காரணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் மூன்றையும் சேர்த்தே சரிசெய்துவிடலாம். ஒன்று, எடைமையம். எரிபொருள் தீரத்தீரத் தொட்டிகள் லேசாகின்றன, கனமான என்ஜின் மட்டும் அடியிலேயே இருக்கிறது, அதனால் எடைமையம் கீழே இறங்கிக்கொண்டே வரும். பின்பாரம் ஏறிய அம்பு பின்பக்கத்தை முன்னால் கொண்டுவரத்தான் பார்க்கும். அடியில் நான்கு ஃபின்கள் (சின்ன இறக்கைகள்) பொருத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இன்னொன்று, அவசரம். புதியவர்கள் கிடைத்த பெரிய என்ஜினையெல்லாம் அடியில் மாட்டிவிடுகிறார்கள். ராக்கெட் அடர்ந்த காற்றிலேயே கண்மண் தெரியாமல் பறக்கிறது, சிறு சாய்வும் பெரிய அடியாகிவிடுகிறது. கிளம்பும்போது உந்துவிசை எடையைப் போல 1.3 முதல் 1.6 மடங்கு இருந்தால் போதும்.

எப்படிச் சாய்ப்பது? உறுதியானவை இரண்டு: கிழக்கே சாய்க்க வேண்டும், மெதுவாகச் சாய்க்க வேண்டும். கிழக்கு ஏனென்றால் கெர்பின் அந்தப் பக்கம் சுழல்கிறது. ஏவுதளம் நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் வினாடிக்குச் சுமார் 175 மீட்டர் வேகம் இலவசமாகவே கிடைக்கிறது. மெதுவாக என்றால், திசை காட்டும் உருண்டையான நேவ்பாலில் பச்சையாகத் தெரியும் புரோகிரேட் குறியிலிருந்து, அதாவது ராக்கெட் உண்மையில் போய்க்கொண்டிருக்கும் திசையிலிருந்து, மூக்கு ஐந்து டிகிரிக்கு மேல் விலகாமல். துல்லியமாக எந்த உயரத்தில் எத்தனை டிகிரி என்பதில் ஆளுக்கொரு கட்சி. மன்றங்களில் சண்டையே நடக்கும். நான் மாணவர்களுக்குச் சொல்வது இது: வேகம் வினாடிக்கு 60 மீட்டர் வந்ததும் லேசாகக் கிழக்கே தள்ளு, 10 கி.மீ. வரும்போது 45 டிகிரியை நெருங்கு, 35 கி.மீ. அளவில் ஏறத்தாழப் படுத்துவிடு, அபோஆப்சிஸ் 80 கி.மீ. காட்டியதும் என்ஜினை அணை. இதைவிடச் சிக்கனமான பாதைகள் உண்டு. முதல் தடவைக்குச் சிக்கனம் முக்கியமில்லை.

அணைத்ததும் பாதி வேலை மிச்சம் இருக்கிறது, இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். என்ஜின் ஓடாமல் ராக்கெட் தானாக உச்சிக்கு மிதந்து போகும். அந்த உச்சியில் புரோகிரேட் குறியைப் பார்த்து மறுபடி எரிக்க வேண்டும். எரிக்கும்போது நீங்கள் இருக்கும் இடத்தில் உயரம் பெரிதாக மாறாது, கிரகத்தின் எதிர்ப்பக்கத்தில்தான் பாதை உயரும். பெரிஆப்சிஸ் கிரகத்தின் வயிற்றுக்குள்ளிருந்து மேலே வருவதை வரைபடத்தில் கண்ணால் பார்க்கலாம். வரைபடத்தில் உச்சிப் புள்ளியில் ஒரு மேனுவர் நோட், அதாவது அடுத்த எரிப்பைத் திட்டமிடும் குறி, வைத்தால் எத்தனை வினாடி எரிக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். அதில் பாதி நேரம் முன்னதாகவே தொடங்கிவிடுங்கள்.

எரிபொருளை இரண்டு மடங்காக்கியும் ஏன் பலனில்லை என்று கேட்டிருந்தீர்கள். நேர் மேலே விட்டதால் பலனில்லை என்பது ஒரு பாதி. இன்னொரு பாதிதான் டெல்டா வி. ஒரு ராக்கெட் தன் வேகத்தை மொத்தம் எவ்வளவு மாற்றிக்கொள்ள முடியும் என்கிற கணக்கு அது, வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று. பி.காம். ஆளுக்கு நேராகவே புரியும்: கையில் உள்ள பட்ஜெட். சுற்றுப்பாதைக்கு விலை 3,400. உங்கள் ராக்கெட்டின் ஸ்டேஜ் (ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழும் அடுக்கு) பட்டியலில் ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் இந்த எண்ணை விளையாட்டே இப்போது காட்டுகிறது. எண் எப்படி வருகிறது என்பதை ரஷ்யாவின் சியல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்டார். முழுத் தொட்டியோடு உள்ள எடையைக் காலித் தொட்டியோடு உள்ள எடையால் வகுத்து, அதற்கு மடக்கை எடுத்து, என்ஜினின் திறனால் பெருக்க வேண்டும். மடக்கை வருகிற இடத்தில்தான் வினை.

உதாரணமாக, வீரர் உட்காரும் எம்கே1 கமாண்ட் பாட், பாராசூட், வெப்பக் கவசம், பாகங்களைக் கழற்றிவிடும் டிகப்ளர், எஃப்எல்-டி400 தொட்டி ஒன்று, டெரியர் என்ஜின். வெற்றிடத்தில் இதற்கு டெல்டா வி சுமார் 2,300. தொட்டியை இரண்டாக்கினால் 4,600 வராது, 3,400 தான். மூன்றாக்கினால் 4,100. முதல் தொட்டி 2,300 தந்தது, இரண்டாவது 1,100 தந்தது, மூன்றாவது 700 தந்தது. கூடுதல் எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகிறது. இதிலிருந்து தப்பத்தான் ஸ்டேஜ். காலியான தொட்டியையும் தேவை முடிந்த என்ஜினையும் கழற்றி எறிந்துவிட்டு மிச்சத்தோடு போவது.

மேலே சொன்ன அந்த ஒற்றைத் தொட்டிக் கலத்தின் அடியில் ஒரு டிகப்ளர், அதன் கீழே எஃப்எல்-டி800, அதன் கீழே இன்னொரு எஃப்எல்-டி400, ஸ்விவல் என்ஜின், நான்கு ஃபின்கள். மொத்தம் பன்னிரண்டரை டன்னுக்குள் வரும், கிளம்பும்போது உந்துவிசை எடையைப் போல சுமார் 1.4 மடங்கு, மொத்த டெல்டா வி 4,000-ஐத் தாண்டும். கொஞ்சம் தப்பும் தவறுமாக ஓட்டினாலும் சுற்றுப்பாதைக்குப் போய்ச்சேரும். ஸ்விவலுக்குப் பதிலாக, அதைவிட விசை கூடிய ரிலையன்ட்டைப் போடாதீர்கள். ஸ்விவல் தன் புகைவாயைத் திருப்பி ராக்கெட்டை நேராக்கும், ரிலையன்ட்டால் முடியாது. டெரியரைத் தரையில் பற்றவைக்க ஆசைப்படாதீர்கள், அடர்ந்த காற்றில் அதற்குச் சுத்தமாக உயிரில்லை, வெற்றிடத்துக்கென்றே செய்தது.

ஸ்பேஸ் பாரை அழுத்துமுன் ஸ்டேஜ் வரிசையைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்: முதலில் ஸ்விவல், அடுத்து கீழ் டிகப்ளரும் டெரியரும் சேர்ந்து, அப்புறம் மேல் டிகப்ளர், கடைசியாகப் பாராசூட் தனியாக. விளையாட்டு தானாக அடுக்கும் வரிசையை நம்ப வேண்டாம், பாராசூட்டை முதல் என்ஜினோடு சேர்த்து வைத்துவிடும் நாளும் உண்டு. விளையாட்டு தரும் வீரர்களில் ஜெபடாயாவையோ வாலன்டினாவையோ பைலட்டாக உட்கார வையுங்கள். பில்லும் பாபும் பைலட்டுகள் இல்லை, அவர்கள் உட்கார்ந்தால் திசையைப் பிடித்துவைக்கும் எஸ்.ஏ.எஸ். வேலை செய்யாது. டி (T) விசையை அழுத்தி அதை இயக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

கரியர், சயின்ஸ், சாண்ட்பாக்ஸ் என்ற மூன்று ஆட்ட முறைகளில் எது என்பது ருசி சார்ந்தது. நான் முதல் சுற்றுப்பாதையைச் சாண்ட்பாக்ஸிலும், அதன்பிறகு சயின்ஸிலும் ஆடச் சொல்வேன். கரியரில் காசு, ஒப்பந்தம், கட்டட மேம்பாடு எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. ஆரம்பத்தில் மேனுவர் நோட் வைக்கவே விடாது. புதிய பைலட்டுக்குத் திசையைப் பிடித்துவைக்க மட்டும்தான் தெரியும், புரோகிரேட் குறியைத் தானாகப் பின்தொடரத் தெரியாது. கணக்கு வழக்கு பிடித்தவர் என்பதால் உங்களுக்கு அது பிடிக்கவும் கூடும். ராக்கெட்டைத் தானாக ஓட்டும் மெக்ஜெப் என்ற கூடுதல் நிரலைப் பற்றியும் இரண்டு கருத்து உண்டு. கையால் ஒருமுறை சுற்றுப்பாதை தொட்ட பிறகு போட்டுக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. இரண்டாம் பாகத்தைப் பற்றி மட்டும் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. 2023 பிப்ரவரியில் அரைகுறையாக வெளிவந்தது, அதைச் செய்துகொண்டிருந்த ஸ்டுடியோ 2024-இல் மூடப்பட்டது. முதல் பாகத்திலேயே இருங்கள்.

திரும்பி வருவது போவதைவிட மலிவு. 80 கி.மீ. பாதையில் ரெட்ரோகிரேட் குறியை, அதாவது போகும் திசைக்கு நேர் எதிர்த்திசையை, பார்த்து வினாடிக்கு 50 மீட்டர் அளவுக்கு வேகத்தைக் குறைத்தால் போதும், பெரிஆப்சிஸ் 30 கி.மீ. அருகே இறங்கிவிடும். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். 70 கி.மீ.க்குள் நுழையுமுன் டிகப்ளரைத் தட்டி என்ஜினைக் கழற்றிவிட்டு, வெப்பக் கவசம் முன்னால் இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். பாராசூட்டைச் சீக்கிரம் விரித்தால் கிழிந்துவிடும். வேகம் 250-க்குக் கீழே வரும்வரை கை வைக்காதீர்கள்.

அதற்குப் பிறகு எல்லோரும் மன் நிலவுக்கு ஓடுவார்கள். போய் எட்டிப்பார்க்க நல்ல இடம்தான். சுற்றுப்பாதையில் இருந்துகொண்டு, மன் தொடுவானத்தில் உதிக்கும்போது புரோகிரேட் திசையில் சுமார் 860 மீட்டர் எரித்தால் பாதை அதைத் தொடும். இறங்குவதற்கு நான் கெர்பினின் இன்னொரு நிலவான மின்மஸை முதலில் சொல்வேன். அது நான்கு மடங்கு தொலைவு, அதன் பாதை ஆறு டிகிரி சாய்ந்தும் இருக்கிறது. ஆனால் அங்கே போய்ச்சேரும் செலவு கொஞ்சம்தான் கூடுதல், ஈர்ப்பு மிகக் குறைவு, தட்டையான சமவெளிகள் உண்டு. தாழ்ந்த பாதையிலிருந்து தரையிறங்க மன்னில் 580 ஆகும், மின்மஸில் 180 போதும். சின்ன என்ஜினோடு போய், நீண்ட நேரம் எரிக்க வேண்டிவந்தால், ஒரே மூச்சில் எரிக்காமல் ஒவ்வொரு சுற்றிலும் தாழ்ந்த புள்ளிக்கு வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கலாம். சந்திரயான்-3, 2023 ஜூலை 14 அன்று கிளம்பியும் ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் நிலவின் பிடிக்குள் போனதற்கு இந்த உத்திதான் காரணம்.

இரண்டு கலங்களை இணைக்கும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க அதை நோக்கி எரித்தால், உங்கள் பாதை உயர்ந்து, சுற்ற எடுக்கும் நேரம் கூடி, இன்னும் பின்தங்கிவிடுவீர்கள். பிடிக்க வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும். 1965 ஜூனில் ஜெமினி 4-இல் போன ஜேம்ஸ் மெக்டிவிட், கழன்றுபோன ராக்கெட் பாகத்தை நோக்கி நேரே எரித்துப் பார்த்தார், நெருங்க முடியவில்லை, எரிபொருள்தான் வீணானது. அவர் தேர்ந்த சோதனை விமானி. அந்த வருட டிசம்பரில் ஜெமினி 6ஏ கணக்குப் போட்டுப் போய் ஜெமினி 7-ஐ நெருங்கியது.

இப்போதைக்கு மேலே சொன்ன பன்னிரண்டரை டன் ராக்கெட்டைக் கட்டி, 60 மீட்டர் வேகத்தில் சாய்க்க ஆரம்பித்துப் பாருங்கள். அப்போதும் கவிழ்ந்தால், ஏவுதளத்தில் ஸ்டேஜ் வரிசை தெரிகிற மாதிரி ஒரு படமும், கவிழ்ந்தபோது இருந்த உயரம், வேகம் இரண்டும் எழுதிப் போடுங்கள். கவிழாமல் விழுந்தால் வரைபடத்தின் படம் வேண்டும், பெரிஆப்சிஸ் எண் தெரியும்படி.